மேஜரின் பெரம்பலூர் விலாசம்

பெரம்பலூரில் இங்கிலாந்து அரசியலைப் பேச ஆள் கிடைக்காது, மேடம். நான்கு ரோட்டு டீக்கடையில் நின்றுகொண்டு, லண்டனில் நேற்று ஒரு மந்திரி ராஜினாமா செய்துவிட்டார் என்று சொல்லிப் பாருங்கள். "அதனால சின்ன வெங்காயம் வெல ஏறுமா சார்?" என்று கேட்பார்கள். தப்பில்லை, அவனவன் பாடு அவனவனுக்கு. ஆனால் அதைப் பேசாமல் இருக்க முடியாதவன் ஒருவன் இந்த ஊரில் பிறந்து தொலைத்தால் என்ன செய்வான்? எழுதுவான். நான் எழுதினேன்.

நீங்கள் வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி வேறு. "சம்சாரத்தோட பாடி வந்து எறங்கினப்பகூட நீங்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையாமே, ஏன் சார்?" என்று கேட்டீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் உங்கள் ஸ்டேஷன் ரைட்டருக்கும் எழுதச் சுலபம்.

புகார் கொடுத்திருப்பவன் என் மைத்துனன் கலையரசன். ஆர்த்தியின் அண்ணன். அரியலூரில் லாரி ஆபீஸ் வைத்திருக்கிறான். சுண்ணாம்புக்கல் லாரிகள். அவனுக்குத் தெரிந்த கொலையெல்லாம் அரிவாளால் வெட்டுவதும் லாரியை விட்டு ஏற்றுவதும்தான். இங்கே துறைமங்கலத்தில் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இங்கிலாந்தில் இருக்கிற ஒருத்தியைக் கொல்ல முடியும் என்பதை அவன் புத்தி எப்படி எட்டிப் பிடித்தது என்று எனக்கே ஆச்சரியம்தான். எழுத்துப்பிழை நிறைந்த புகார். ஆனாலும் அதில் விஷயப்பிழை அதிகமில்லை. அதனால்தான் வக்கீல் வேண்டாம் என்றேன்.

நான் மணிமாறன். ஆங்கில இலக்கியம் படித்தவன். ஒரு இன்ஜினியரிங் காலேஜில் பையன்களுக்கு இங்கிலீஷ் எடுத்தேன். அந்தப் பையன்களுக்கு வேண்டியது பாஸ் மார்க். அந்த காலேஜுக்கு வேண்டியது பையன்கள். பையன்கள் வருவது குறைந்ததும் முதலில் என்னைத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன்பிறகு வீட்டிலிருந்தே கம்பெனிகளுக்கு விளம்பர வாசகம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மெத்தைக்கு, மூட்டுவலித் தைலத்துக்கு, நாய் பிஸ்கட்டுக்கு. வருமானத்துக்கு அது. மனசுக்கு மேஜர்.

மேஜர் பென்ஃபோல்டை நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். இங்கிலாந்தில் அவரைப் படிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எழுபத்திரண்டு வயது, பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தோட்டத்தில் ரோஜா, காலடியில் ஒரு கிழட்டு நாய். மனைவி ஹெலன் இறந்துவிட்டதாக வைத்தேன். தனியாளாக இருந்தால்தான் வாசகருக்கு இரக்கம் வரும். வருடத்துக்கு ஒருமுறை ஹெலன் இறந்த நாளுக்கு மேஜர் ஒரு பதிவு போடுவார். அன்றைக்கு மட்டும் அரசியல் இருக்காது. அழுதுகொண்டே படித்தோம் என்று பெண்கள் எழுதுவார்கள்.

ஆரம்பம் ரொம்பச் சாதாரணம். ஒரு ஆங்கிலப் பேப்பரின் இணையதளத்தில், செய்திக்குக் கீழே, மேஜர் என்று பெயர் போட்டு நான்கு வரி எழுதினேன். யாரோ ஒருவர் 'நன்றாகச் சொன்னீர்கள் ஐயா' என்று பதில் போட்டார். வெள்ளைக்காரர், பதவியில் இருந்தவர், என்னை ஐயா என்கிறார். அதுவரை என்னை சார் என்று கூப்பிட்டவர்கள் எல்லாம் இன்டர்னல் மார்க் கேட்டு வந்தவர்கள். அடுத்த வாரமே வலைப்பூவைத் திறந்துவிட்டேன்.

பழமைவாதி என்றால் உங்களுக்கு என்ன தோன்றும் என்று தெரியும். நான் சொல்வது அதுவல்ல. ஒன்றைக் கட்டி எழுப்ப நூறு வருடம் ஆகும், இடிக்க ஒரு நாள் போதும், ஆகவே கை வைப்பதற்கு முன்னால் யோசி. அவ்வளவுதான் மேஜரின் கொள்கை, என்னுடையதும். தலைவருக்குப் பிறந்தநாள் என்று புது ரோட்டில் பள்ளம் தோண்டிக் கொடிக்கம்பம் நடுகிற ஊரில் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சரி, இங்கிலாந்திலாவது ஒழுங்காக இருந்தார்களா என்றால், அந்த வயிற்றெரிச்சலை ஏன் கேட்கிறீர்கள். கன்சர்வேட்டிவ் கட்சி பதினாலு வருடம் ஆண்டது. ஐந்து பிரதமர்கள். நம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர்கூட அதைவிட நிலையாக உட்கார்ந்திருப்பார். எல்லையை இறுக்குவோம் என்று ஒவ்வொரு தேர்தலிலும் சொன்னார்கள், ஒவ்வொரு வருடமும் கதவை அகலத் திறந்து வைத்தார்கள். ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால். கடைசியில் கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி நின்றது. அடுத்து வந்த லேபர்காரர்களோ பதவி கிடைத்த மறுநாளே வழவழா கொழகொழா. இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில், சாராயக்கடை வாசலில் பேசுகிற மாதிரி பேசுகிற புதுக் கூட்டம் ஒன்று. மேஜர் அந்த மூன்று பேரையும் பிரித்து மேய்ந்தார். கெட்ட வார்த்தை கிடையாது, ஏசல் கிடையாது. கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவனை நிறுத்தி நிதானமாகத் தோலை உரிப்பது ஒரு கலை, அது எனக்கு வந்தது.

வலைப்பூ எழுதுகிறவர்களிலும் நான்கு நாள் பழகினாலே தரம் தெரிந்துவிடும். முக்கால்வாசிப் பேர் மற்றவன் எழுதியதையே திருப்பிப் போட்டு நடுவில் இரண்டு வசவு சேர்க்கிறவர்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். ஆனால் அவர்களிடமிருந்து ஒன்று கற்றுக்கொண்டேன். கொள்கையை எழுதினால் நூறு பேர் படிப்பார்கள். ஒரு ஆளைக் காட்டினால் ஊரே படிக்கும். டீக்கடைக்கும் அதே விதிதான். மனுஷ புத்தி எந்த நாட்டிலும் ஒன்றுதான், தோலின் நிறம்தான் வேறு.

இதெல்லாம் ஆர்த்திக்குத் தெரியாது. நான் இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறேன், கம்பெனிக்கு எழுதுகிறேன், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். "வெள்ளைக்காரன் நாட்ட ஆண்டது போதும், சாப்புட வாங்க" என்பாள். நர்சிங் படித்தவள், இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கொடுக்கிற சம்பளம் மாதக் கடைசிவரைகூட வராது. இங்கிலாந்தில் முதியோர் இல்லத்தில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவளேதான் கேட்டுக்கொண்டு வந்தாள். நான், அவள், எங்கள் மகள் மேகலா, மூன்று பேரும் போய்விடலாம் என்றாள்.

அப்போது ஒரு சிக்கல் இருந்தது. பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிவருவதை நிறுத்த வேண்டும் என்று மேஜர் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். அரசாங்கமும் அதையே அறிவித்தது. மார்ச் மாதத்துக்குப் பிறகு கிடையாது. "அதுக்கு முன்னாடி பேப்பரக் குடுத்துட்டா மூணு பேரும் போயிடலாம் சார்" என்று திருச்சி ஏஜெண்ட் தினமும் போன் செய்தான். கொடுக்க வேண்டிய பேப்பர் என்னிடம் இருந்தது. நான் கொடுக்கவில்லை. பேங்கில் இருந்து இன்னும் வரவில்லை என்று ஆர்த்தியிடம் சொன்னேன். ஒரு வாசலை மூடச் சொல்லி எழுதிவிட்டு அதே வாசல் வழியாகப் பின்னால் நுழைவது நேர்மையாக எனக்குப் படவில்லை. ஏப்ரலில்தான் பேப்பர் போயிற்று. அவள் மட்டும் போனாள். திருச்சி ஏர்போர்ட்டில் மேகலாவைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றாள். கலையரசன்தான் பிரித்துவிட்டான்.

இதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் மேலே புரியும். அவள் போவதற்கு முந்தைய வருடம் எனக்கு இடுப்பில் அக்கி போட்டிருந்தது. கொப்புளமும் எரிச்சலும், சட்டை பட்டால் உயிர் போகும். டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஆனாலும் ஆர்த்தியின் அம்மா மலர்கொடி விடவில்லை. அவர்கள் ஊர் மீன்சுருட்டி. அங்கே பஞ்சவர்ணம் என்று மண்பானை செய்கிற வீட்டு அம்மா அக்கி எழுதுவார். காவிக்கல்லை உரைத்துக் கரைத்து, கோழி இறகால் தொட்டு, கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கம் மாதிரி ஒன்றை வரைவார். காலையும் மாலையும், மூன்று நாள். அந்த மூன்று நாளும் வீட்டில் தாளிக்கக் கூடாது. கடுகு வெடித்தால் கொப்புளமும் வெடிக்கும் என்பார்கள். ஆர்த்தி மூன்று நாளும் எனக்குத் தாளிக்காத சாம்பாரும் தாளிக்காத ரசமும் வைத்துப் போட்டாள். சகிக்கவில்லை. மூன்றாம் நாள் தூங்கினேன். மாத்திரையால்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஈரக்காவி குளிர்ச்சியாக இருந்தது, அதை மறுக்கமாட்டேன். மிச்சமிருந்த காவிக்கல்லை ஆர்த்தி இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பெட்டியில் அவள் அம்மா போட்டுவிட்டார்.

அவள் வேலை பார்த்தது கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். இல்லத்தில் டோரத்தி என்று ஒரு கிழவி, ஆர்த்தி இல்லாமல் சாப்பிடமாட்டாளாம். அந்தக் கிழவிக்கு அக்கி வந்தது. டாக்டர் வந்து மருந்து கொடுத்தார். வலி நிற்கவில்லை. ஏதாவது செய் பெண்ணே, ஏதாவது செய் என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். இவள் காவியை உரைத்து, காய்ந்துபோன தோலில், கொப்புளத்தில் படாமல் சுற்றிலும் பூசி, பஞ்சவர்ணம் வரைகிற சிங்கத்தை வரைந்திருக்கிறாள்.

"கெழவி கண்ணாடியில பாத்துட்டு சிரிக்குதுங்க," என்று என்னிடம் போனில் சொன்னாள். "இது பூனையான்னு கேக்குது. சிங்கம்னு சொன்னேன். அப்புறம் தூங்கிருச்சு. மருந்து அது பாட்டுக்கு நடக்குது. இது மனசுக்கு." ரொம்ப நாள் கழித்து அவள் சிரித்துக் கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேகலா, சிங்கத்தின் படத்தை அனுப்பச் சொல்லி அடம் பிடித்தாள். ஆர்த்தி அனுப்பினாள். கிழவியின் முதுகும் தெரிந்தது.

அந்தச் சமயம் மேஜருக்குக் கொஞ்சம் சரிவு. தேர்தலில் தோற்ற கட்சியைப் பற்றி எவன் படிப்பான்? வாசகர்கள் எல்லாம் சாராயக்கடைக் கூட்டத்தின் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். நிதானமாக எழுதுகிறவனுக்கு இதுதான் கதி. மேஜர் அழிந்துகொண்டிருந்தார், மேடம். அவரைக் கண் முன்னால் சாகவிட எனக்கு மனசில்லை.

பதிவை ஒரே மூச்சில் எழுதினேன். நம் தாய்மார்களை யார் கையில் கொடுத்திருக்கிறோம் என்று மேஜர் கேட்டார். ஒரு முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் மூதாட்டியின் உடம்பில், எங்கிருந்தோ வந்த தமிழ்ப் பணிப்பெண் மண்ணைக் கரைத்துப் பூசி மந்திர உருவம் வரைகிறாள் என்றார். மருந்து கொடுத்ததைச் சொல்லவில்லை. இடம் போதவில்லை. கிழவி சிரித்ததையும் சொல்லவில்லை. பெண்ணின் பெயரைப் போடவில்லை, அதில் நான் கவனமாக இருந்தேன். ஊரின் பெயரைப் போட்டேன். அந்த ஊரில் தமிழ்ப்பெண் அவள் ஒருத்திதான். படத்தையும் போட்டேன்.

பதிவு பற்றிக்கொண்டது. மேஜர் வாழ்நாளில் காணாத கூட்டம். பெரிய பேப்பர்கள் எடுத்துப் போட்டன. எம்.பி. ஒருவர் பேசினார். சாராயக்கடைக் கூட்டமே மேஜரை மேற்கோள் காட்டியது. அவர்களை நான் எவ்வளவு கேவலமாக நினைத்தேனோ அவ்வளவு கேவலமானவர்கள்தான், ஆனால் படிக்கத் தெரிந்தவர்கள் என்று அன்றைக்கு ஒப்புக்கொண்டேன். இல்லத்தில் ஆர்த்தியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணை முடியும்வரை உள்ளே வரக்கூடாது என்றார்கள். இல்லத்தோடு சேர்ந்த அறையையும் காலி செய்யச் சொன்னார்கள்.

தினமும் போன் செய்து அழுதாள். "யாருங்க இந்தப் பாவி? எனக்கும் அவனுக்கும் என்ன பகை? கெழவி என்னைத் தேடுதாம், சாப்புட மாட்டேங்குதாம்." நான் ஆறுதல் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். இது நான்கு நாள் கூத்து, அடங்கிவிடும் என்றேன். படிக்காதே என்றேன். வேலை போனால் போகட்டும், ஊருக்கு வந்துவிடு, மேகலா காத்திருக்கிறாள் என்றேன். உண்மையாகவே அப்படித்தான் விரும்பினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தாய் தன் மகளோடு இருக்க வேண்டும் என்பதுதான் மேஜரின் கருத்தும்.

எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டேன். புருஷன் கேட்கமாட்டானா? ஒரு பேக்கரியின் மாடியில் அறை கிடைத்திருக்கிறது என்றாள். கடை வாசல் பக்கம் ஆட்கள் முறைக்கிறார்கள், அதனால் பின்வாசல் வழியாகத்தான் வந்துபோகிறேன் என்றாள்.

இரண்டாவது பதிவில் அந்த விவரம் இருந்தது. அவள் இன்னும் நம் ஊரில்தான் இருக்கிறாள், பேக்கரி மாடியில் ஒளிந்துகொண்டு பின்வாசல் வழியாக நடமாடுகிறாள், அதிகாரிகள் தூங்குகிறார்கள் என்று மேஜர் எழுதினார். வேகத்தில் எழுதும்போது கையில் இருக்கிற விவரமெல்லாம் வந்து விழுந்துவிடும். எழுதுகிறவர்களுக்கு அது தெரியும். போன வாரம் உங்கள் சப்-இன்ஸ்பெக்டரிடம் நான் இவ்வளவோடுதான் நிறுத்தினேன்.

நீங்கள் அந்த இரண்டாவது பதிவை அச்செடுத்த காகிதத்தைத் திருப்பி என் பக்கம் வைக்கிறீர்கள். "அவங்க உங்ககிட்டக் கடைசியாப் பேசுனது முன்னாடியா, நீங்க இதை எழுதுனது முன்னாடியா?" நல்ல கேள்வி, மேடம். உங்களுக்கு மூளை இருக்கிறது. பேசியது முன்னால். எழுதியது பின்னால்.

அந்தப் போனைச் சொல்கிறேன். மேகலா ஸ்கூலுக்குப் போயிருந்த நேரம். ஆர்த்தி அழவில்லை. குரல் தட்டையாக இருந்தது.

"ஏங்க, அந்தாளு எழுதுனத இன்னிக்குத்தான் முழுசாப் படிச்சேன்."

"படிக்காதன்னு சொன்னேன்ல."

"இல்லத்துக் கிச்சன்ல மூணு நாளைக்கு எதையும் தாளிக்கக் கூடாதுன்னு நான் உத்தரவு போட்டதா எழுதியிருக்கான்."

"யாராச்சும் சொல்லியிருப்பாங்க."

"யாரு சொல்லுவா? நான் அப்படிச் சொல்லவே இல்லியே. இங்க யாருங்க தாளிக்கிறா? அந்தக் கிச்சன்ல கடுகே கெடயாது. ஒடம்புல அக்கின்னா வூட்டுல தாளிக்கக் கூடாதுன்னு இந்த ஊர்ல எவனுக்குத் தெரியும்?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது எவ்வளவு பழைய பேச்சு பாருங்கள். அந்தப் பதிவில் அவள் சொல்லாத ஒன்றை நான் சேர்த்தது அந்த ஒரே வரிதான். எழுதும்போது அது பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை. அக்கி எழுதினால் தாளிக்கக் கூடாது, ஆகவே சொல்லியிருப்பாள், இதில் என்ன இருக்கிறது என்று கை தானாக எழுதிவிட்டது. இங்கிலாந்தின் பார்லிமெண்ட் நடைமுறை முழுக்க எனக்கு மனப்பாடம். அவர்கள் அடுப்படியில் கடுகு வெடிக்காது என்பது தோன்றவில்லை.

"அந்தச் சிங்கப் படத்த மேகலாவுக்குத்தான அனுப்புனேன்," என்றாள். "வேற யாருக்கும் அனுப்பல." பிறகு, "மூணு நாளு தாளிக்காம வடிச்சுக் கொட்டுனனே, அதத் தின்னவன் நீதானே" என்றாள்.

கல்யாணமாகி அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னை நீ என்றாள்.

நான் விளக்க முயன்றேன். இது கொள்கை, தனிப்பட்ட விஷயமில்லை என்றேன். அவள் கேட்கவில்லை. அவளுக்கு எப்போதுமே அரசியல் புரியாது.

"செவ்வாக்கெழம விசாரணைக்குக் கூப்புட்டிருக்காங்க," என்றாள். "அந்த மேஜரு வெள்ளக்காரனே இல்ல, பெரம்பலூர்ல லுங்கி கட்டிக்கிட்டு உக்காந்திருக்குற எம் புருஷன்தான்னு சொல்லப்போறேன். பேப்பர்ல வரட்டும். எல்லாரும் பாத்து சிரிக்கட்டும். அப்புறம் எம் புள்ளயக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்." வைத்துவிட்டாள். அடுத்து அவள் கலையரசனுக்குப் போன் செய்திருக்கிறாள். அது எனக்கு அப்போது தெரியாது.

நான் வெகுநேரம் யோசித்தேன், மேடம். கோபத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள், அது எனக்கு மரியாதையில்லை. மேஜரைப் பற்றித்தான் யோசித்தேன். அவருடைய ரோஜாச்செடி, நாய், ஹெலனின் நினைவு நாள், அவரைத் தங்கள் வீட்டுப் பெரியவர் மாதிரி நம்புகிற அத்தனை பேர். எத்தனை வருடம் வார்த்தை வார்த்தையாகக் கட்டியது. செவ்வாய்க்கிழமை ஒருத்தி வாயைத் திறந்தால் அத்தனையும் இந்தியாக்காரன் ஒருவனின் மோசடி என்று ஆகிவிடும். ஒரு கண்ணியமான கிழவரை ஒரே நாளில் கொன்றுபோட அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது? லுங்கி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் என்றாள். லுங்கிக்கும் கருத்துக்கும் என்ன சம்பந்தம்?

அவள் செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் பயந்துபோய் அந்த ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டால் போதும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் பயமுறுத்துவதற்கு பேக்கரி என்று எழுதினாலே போதும். பின்வாசல் என்று எழுத வேண்டிய அவசியமில்லை. அதை ஒருமுறை அடித்தேன், அழித்தேன், மறுபடியும் சேர்த்தேன். நீங்கள் என் கம்ப்யூட்டரைத் திறந்தால் அதுவும் தெரிந்துவிடும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பேக்கரி மூடியிருந்த நேரம். முன்வாசலில் ஒரு கூட்டம், பின்வாசலில் ஒரு கூட்டம். யாரோ ஒருவன் கதவில் தபால் போடுகிற பொந்து வழியாக எரிகிற துணியை உள்ளே போட்டிருக்கிறான். மாடிப்படி மரமாம். அதை அவள் என்னிடம் சொன்னதில்லை. பின்பக்கம் இறங்கி ஓடலாம் என்று கதவைத் திறந்தவள், அங்கே நின்றவர்களைப் பார்த்து மறுபடியும் உள்ளே போய்விட்டாள் என்று அந்த ஊர்ப் போலீஸ் எழுதியிருக்கிறது. கீழே நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் மேஜரின் வாசகர்களாக இருக்க மாட்டார்கள். மேஜரின் வாசகர்கள் கண்ணியமானவர்கள். அவர்கள் வீட்டில் இருந்து படிப்பார்கள்.

மீன்சுருட்டியில் இறக்கினார்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். மலர்கொடி திறக்கச் சொல்லிப் பெட்டி மேல் விழுந்து கத்தினார். பஞ்சவர்ணம்தான் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். மேகலா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிங்கம் வரைஞ்சதுக்காப்பா அம்மாவக் கொன்னாங்க?" என்று கேட்டாள். இல்லம்மா, அங்கே அரசியல் சரியில்லை என்றேன். கலையரசன் தூரத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாப்ள, உங்க கண்ணுல தண்ணியே வரலியே" என்றான். அன்றைக்கு அவன் வேறெதுவும் சொல்லவில்லை. மறுநாள் மேகலாவை அவர்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். நானும் கேட்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை விசாரணை நடக்கவில்லை. விசாரிக்க ஆள் இல்லை என்று மூடிவிட்டார்கள். மேஜர் யார் என்று அங்கே இன்னமும் யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் கலையரசனுக்கும்தான் தெரியும். இதை அங்கே அனுப்பித்தான் ஆக வேண்டுமா என்று கொஞ்சம் யோசியுங்கள். சிறைக்கு நான் போகிறேன், அது நியாயம். அவரை விட்டுவிடலாம்.

இனி உங்கள் முதல் கேள்வி. நான் அழவே இல்லை என்பது சரியில்லை, மேடம். மீன்சுருட்டியிலிருந்து திரும்பி வந்ததும், மேஜர் ஆர்த்திக்கு ஒரு இரங்கல் எழுதினார். கலவரக்காரர்களைக் கண்டித்தார், வெட்கித் தலைகுனிகிறேன் என்றார். அந்நிய மண்ணில் கடைசிவரை ஒரு கிழவியின் வலியைப் பற்றியே நினைத்தவள் என்றார். ஹெலன் இறந்த நாளையும் நடுவில் சேர்த்திருந்தார். எழுதி முடித்து முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். அப்போது தேம்பித் தேம்பி அழுதேன். அவ்வளவு நன்றாக வந்திருந்தது.